சிவப்புப் பொட்டு வைத்த மூடிகள்

மார்ச் 2

அனுப்புநர்: உன் அக்கா, தையல் கடை, ஆற்றோரத் தெரு.
பெறுநர்: என் தங்கை, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம்.
பொருள்: பதினாறு பாட்டில் தண்ணீரும் பதினாறு பொய்யும்.

தங்கச்சி,

இரண்டு வருடம் மனு எழுதியதில் கை இப்படியே பழகிவிட்டது, பொறுத்துக்கொள். நேற்றிலிருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறாய். எடுக்க மாட்டேன். போனில் பேசியதைப் பேசவே இல்லை என்று சாதித்துவிடலாம். அந்தப் பாடத்தை உங்கள் துறைக்காரர்கள்தான் எனக்கு நடத்தினார்கள். சொல்ல ஏதாவது இருந்தால் எழுத்தில் சொல், தேதி போட்டுச் சொல். இந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் கையெழுத்துப் போட்ட அறிக்கை வந்தது. பதினாறு வரிசை. பதினாறிலும் "ஈயம்: அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்". வேறு யாருடைய அறிக்கையையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். பாட்டில் எண்களைச் சரிபார்த்தேன். எங்கள் எண்கள்தான்.

பழைய பேட்டரிகளை உருக்கும் அந்த ஆலைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று உனக்குத் தெரியும். வாலுவின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை முதலில் உனக்குத்தான் காட்டினேன். நான் பெற்ற ஒன்பது வயதுப் பெண். ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் சொன்னவள், இப்போது நாலாவது வரியில் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தத் தாளை அதிகாரியிடம் நீட்டினால், "பொம்மை பெயிண்ட்ல இருந்துகூட வந்திருக்கலாம்மா. தண்ணியில இருக்குன்னு ரிப்போர்ட் கொண்டு வாங்க" என்கிறார். கொண்டுவரத்தானே இவ்வளவு பாடு? இருபத்தொன்பதாம் தேதி விசாரணை. அன்று ஆலையின் உரிமத்தை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறார்கள். தடுக்க எங்கள் கையில் இருந்தது அந்தப் பதினாறு பாட்டில் மட்டும்தான்.

தண்ணீர் மாதிரி எடுக்க உங்கள் களப்பணியாளர் புது ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். கரையிலேயே நின்று, "நீங்களே எடுத்துடுங்கம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். நானும் தெருப் பெண்கள் நாலு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். நீங்கள் அனுப்பிய பாட்டிலாவது ஒழுங்காக இருந்ததா? ஒவ்வொன்றின் அடியிலும் ஏதோ ஈரம். காயவைக்கக்கூட நேரமில்லை போல. நல்லவேளை, நீ எப்போதோ கற்றுக்கொடுத்தது நினைவில் இருந்தது. ஒவ்வொன்றையும் ஆற்றுத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டுத்தான் பிடித்தேன்.

இவ்வளவும் செய்து இந்த அறிக்கை. யார் சொல்லி எழுதினாய்? அதை மட்டும் சொல்.

எங்கள் தண்ணீரில் மிச்சம் இருந்தால் எங்களுக்கே திருப்பி அனுப்பு. விசாரணை அன்று அதிகாரி முன்னால் ஒரு கிளாஸில் ஊற்றி வைத்து, குடிக்கச் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

யாரும் சொல்லி எழுதவில்லை. இயந்திரம் காட்டிய எண்ணை எழுதினேன்.

பாட்டில் என் மேஜைக்கு வரும்போது அதில் ஊர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அந்தப் பதினாறையும் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு என்ற எண்ணை எழுதிவிட்டு அதன் குறுக்கே ஒரு கோடு இழுப்பது நம் வீட்டில் நீ ஒருத்திதான். சொந்தக்காரி அனுப்பியது, வேறு ஆள் செய்யட்டும் என்று தள்ளியிருக்க வேண்டும். வேறு ஆள் யார்? ஐந்து பேர் வேலையை இரண்டு பேர் செய்கிறோம். ஒரு நாளைக்கு நூற்றுநாற்பது பாட்டில். எண் கூடுதலாக வரவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேதான் பார்த்தேன். வரவில்லை. வராததை எழுதினால் அதுதான் பொய்.

நான் விலைபோய்விட்டேன் என்று உன் கடையில் வைத்து நாலு பேர் கேட்கச் சொன்னாயாமே. அத்தான் சொன்னார். அவர் கோள் சொல்கிறவர் இல்லை, அவருக்கே தாங்காமல்தான் சொன்னார். வாலு பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது நான். அவள் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்ற கவலை உனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறாயா?

நீ இரண்டு வருடமாக எல்லாரையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, கடைசியில் வீட்டுக்குள்ளேயும் ஆரம்பித்துவிட்டாய்.

மாதிரிகளை முப்பது நாள் எங்களிடமே வைத்திருப்பது வழக்கம். கொடுத்தவர்கள் எழுத்தில் கேட்டால் திருப்பித் தரலாம். நீதான் எழுத்தில் கேட்டிருக்கிறாயே. பதினாறையும் பெட்டியில் போட்டு, ரசீதோடு இன்று அனுப்பிவிட்டேன். திருப்தியா?

தங்கை


மார்ச் 13

தங்கச்சி,

பெட்டி வந்தது. ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் தையல் மிஷினுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இருபத்தொன்பதாம் தேதி அங்கேயே பிரிப்பேன்.

உனக்கு ஒரு செய்தி. உன் அறிக்கையை ஆலைக்காரர்கள் பெரிதாக்கி, லேமினேட் செய்து கேட்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாலுவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் வழி அதுதான். "சித்தி கையெழுத்தும்மா" என்று காட்டினாள். அவளுக்குப் பெருமை. நான் என்ன சொல்ல? "ஆமாம், அழகா இருக்கு" என்றேன்.

தெருவில் பாதிப் பேர் ஆலைக்கு எதிரான எங்கள் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். "அரசாங்கமே சுத்தம்னு சொல்லிடுச்சு, இந்த அம்மாதான் விடமாட்டேங்குது" என்று என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். எனக்குச் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறார்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் ஆலையில் வேலை பார்க்கிறார்களாம். நான் யார் வேலையையும் பறிக்கக் கேட்கவில்லை. கழிவைச் சுத்தம் செய்துவிட்டு ஆற்றில் விடு என்றுதான் கேட்டேன். அதற்கே இந்தப் பாடு.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதிலே எழுதவில்லை. எப்படிப்பட்ட பாட்டில் அனுப்பினீர்கள்? அன்றைக்கு அலசும்போதே விரல் எரிந்தது. வலது கை மூன்று விரல் நுனியிலும் மஞ்சள் கறை. என்ன தேய்த்தாலும் போகவில்லை. பாட்டில் வாயைத் துடைக்கக் கடையிலிருந்து ஒரு வெட்டுத்துணி எடுத்துப் போயிருந்தேன். துவைத்து எடுத்தால் அதில் ஐந்தாறு ஓட்டை. நல்ல பருத்தி, பூச்சி அரித்த மாதிரி ஆகிவிட்டது. இந்த லட்சணத்தில் பாட்டில் கழுவுகிற இடம் தண்ணீருக்குச் சான்றிதழ் கொடுக்கிறது.

கோபம் குறையவில்லை. குறைந்ததும் சொல்கிறேன், எழுத்தில்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பன்னிரண்டு முறை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. அத்தானுக்கு அடித்தேன். "அந்தப் பெட்டியைத் தொடாம பத்திரமா வைங்க அத்தான்" என்றேன். எந்தப் பெட்டி, பாட்டில் பெட்டியா என்று கேட்டார். பிறகு, "நேத்துத்தான் எல்லாத்தையும் கீழ ஊத்திட்டு, சோப்புப் போட்டுக் கழுவி மாடியில கவுத்து வெச்சேன்" என்றார். ஏன் என்று கத்தினேன். "அதிகாரி குடிக்கமாட்டார்னு எனக்குத் தெரியும். ரோஷத்துல உங்க அக்கா எடுத்துக் குடிச்சிட்டா என்ன பண்றது?" என்றார். உனக்கு இன்னும் சொல்லவில்லையாம், பயம். அவரைத் திட்டாதே. வேனைத் தினமும் துடைக்கிற மனிதர் பாட்டிலை மட்டும் அழுக்காக விடுவாரா? நம் வீட்டில் எல்லாருக்குமே சுத்தம் ஒரு பிடி அதிகம். அதில்தான் கெட்டோம்.

உட்கார்ந்து படி.

உன் விரலில் இருக்கும் மஞ்சள் கறை எங்கள் கூடத்தில் எல்லார் விரலிலும் இருக்கிறது. அது அமிலம் பட்ட கறை. பாட்டிலின் அடியில் இருந்தது ஈரம் இல்லை, நாங்களே வேண்டுமென்று ஊற்றி அனுப்பிய அமிலம். ஈயம் தண்ணீரில் சும்மா இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தண்ணீரிலேயே பிடித்து வைப்பதற்குத்தான் அந்த அமிலம். நீ மூன்று முறை அலசியதில் அது ஆற்றோடு போய்விட்டது. ஈயம் சுவரில் ஒட்டிக்கொண்டது. நான் மேலே நின்ற தண்ணீரை எடுத்து அளந்து, அளவுக்குள் இருக்கிறது என்று எழுதினேன்.

அலசச் சொன்னது நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு வந்தபோது, சமையலறைக் குழாயடியில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு பெரிய மேதை மாதிரி உனக்குச் செய்து காட்டினேன். அது சாதாரண பாட்டிலுக்கு. மூடியில் சிவப்புப் பொட்டு இருந்தால் உள்ளே அமிலம் இருக்கிறது, அலசக் கூடாது. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் எல்லாருக்கும் என்றால் இந்தக் கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்கு. உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் ஷூ நனையாமல் கரையில் நின்றார். பாட்டில் மேல் இரண்டு வார்த்தை எழுதி ஒட்டலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி எழுதுவதை எழுத எனக்கு நேற்று முழுக்க கை வரவில்லை.

பாட்டில் வந்ததும் அதில் அமிலம் இருக்கிறதா என்று ஒரு சோதனைத் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். நிறம் மாறினால், "அமிலம் சரியாக உள்ளது" என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தத் தாள் தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வாய்விட்டுக் கேட்டோம், வரும் வரும் என்றார்கள். அதுவரை பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்தோம். உன் பதினாறுக்கும் நான் பார்க்கவில்லை. "அமிலம் சரியாக உள்ளது", கீழே அதே, அதே, அதே என்று பதினைந்து முறை எழுதினேன். பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதே பாட்டிலில் அமிலத்தை ஊற்றி ஒரு நாள் வைத்திருந்தால் சுவரில் ஒட்டிய ஈயம் மறுபடி தண்ணீருக்கு வந்திருக்கும். நீ திருப்பிக் கேட்டாய் என்ற வீம்பில் அனுப்பாமல் இருந்திருந்தால், இன்றைக்குக்கூட அதைச் செய்திருக்கலாம். இப்போது அது அத்தான் கையால் சாக்கடைக்குப் போய்விட்டது.

பொய் எழுதினேனா என்று கேட்டாய். எண்ணில் இல்லை. அதற்கு முந்தைய கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது. தேதி இருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது. விசாரணையில் இதைக் கொடுத்தால் அறிக்கை செல்லாது. என் வேலையும் இருக்காது, பதினெட்டு வருடம். கொடு என்று எழுதத் தைரியம் இல்லை. கொடுக்காதே என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

தங்கை


மார்ச் 30

தங்கச்சி,

நேற்று விசாரணை முடிந்தது.

பெரிய மேஜை, சுழல் நாற்காலி, பின்னால் ஒரு மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆலைத் தரப்பில் ஆறு பேர். எங்கள் தரப்பில் நான், உன் அத்தான், இன்னும் மூன்று பெண்கள். உன் கடிதம் என் பையில், கத்தரிக்கோல் உறைக்குள் இருந்தது. வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

"அறிக்கையில் ஆட்சேபணை உண்டா?" என்று அதிகாரி கேட்டார். எழுந்தேன். பாட்டிலில் அமிலம் இருந்தது தெரியாமல் நான் அலசிவிட்டேன், தப்பு என்னுடையது, மறுபடி மாதிரி எடுங்கள் என்றேன். விரலைக் காட்டினேன். ஓட்டை விழுந்த துணியைக் காட்டினேன். என் தப்பை மட்டும் சொன்னால் போதும், உன்னை இழுக்காமலே காரியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். "பதினாறு பாட்டில்லயும் அமிலம் சரியா இருந்ததுன்னு ஆய்வகம் எழுதியிருக்கே. நீங்க அலசியிருந்தா அது எப்படிம்மா இருக்கும்? ரிப்போர்ட் பிடிக்கலேன்னா கதை கட்டறதா?" என்றார். ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், "துணியில எலி கடிச்சிருக்கும் சார்" என்றார்.

என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லி, பொய்க்காரி என்று பெயர் வாங்கியது அதுதான் முதல் தடவை. உன்னுடைய ஒரு "சரியாக உள்ளது", பதினைந்து "அதே". அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

பைக்குள் கையை விட்டேன். உன் கடிதம் விரலில் பட்டது. எடுத்து நீட்டினால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். எடுக்கவில்லை. ஏன் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்த நேரத்தில் உன்மேல் துளிகூடப் பாசம் இல்லை. கைதான் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

உரிமத்தைப் புதுப்பிக்கும் ஆணை பத்து நாளில் வரும் என்றார்கள். ஐந்து வருடம். வாலுவுக்குப் பதினாலு வயதாகிவிடும்.

எல்லாரும் உன் அத்தான் வேனிலேயே திரும்பினோம். கடிதம் இருப்பது மற்ற மூன்று பேருக்கும் தெரியும், நான்தான் காட்டியிருந்தேன். இறங்கும்போது ஒருத்தி சொன்னாள், "எங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்குக்கா. உங்க தங்கச்சி உங்களுக்குப் பெருசு, சரி." அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

உன்னை மன்னிக்கவில்லை. என்னையும்தான். உன் கடிதத்தின் அசலை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் நகல் எடுக்காமல் நான் அனுப்பும் முதல் காகிதம் இது. எரிப்பதானாலும் எரி, மடித்து வைப்பதானாலும் வை. என் கையிலிருந்து போய்விட்டது.

அக்கா


ஏப்ரல் 7

அனுப்புநர்: உன் தங்கை, வீடு. (பரிசோதனைக்கூடம் என்று போடும் தகுதி தற்சமயம் இல்லை.)
பெறுநர்: என் அக்கா, தையல் கடை, ஆற்றோரத் தெரு.
பொருள்: மேற்படி கடிதம்.

அக்கா,

நீ திருப்பி அனுப்பிய என் கடிதத்தை மூன்று நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். மூன்று நாளும் வேலைக்குப் போனேன், பாட்டில்களை எடுத்தேன், பதிவேட்டில் அந்தக் கட்டம் வந்ததும் பேனா நின்றது. பக்கத்து மேஜைக்காரி, "என்ன, எழுது, எல்லாம் சரிதான்" என்றாள். இந்தச் "சரிதான்" வேறு எந்தத் தெருவுக்குப் போய், வேறு யாரைப் பொய்க்காரி ஆக்கப்போகிறது என்று நினைத்தேன். நாலாவது நாள் உன் உறையோடு, தபால் முத்திரையோடு, இயக்குநர் மேஜையில் வைத்துவிட்டேன். ஒரு பிரதியை விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆணையில் கையெழுத்தாக இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது.

இயக்குநர் படித்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? "சோதனைத் தாள் இல்லேன்னு எழுத்துல ஏன் கேக்கலை?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உன்னை மாதிரி ஒருத்தி அந்தக் கூடத்தில் இருந்திருந்தால் முதல் வாரமே மனுப் போட்டிருப்பாள், நகலோடு.

மறுநாள் தாள் வந்துவிட்டது. மூன்று பெட்டி. பூட்டிய அலமாரியில் இருந்ததாம்.

என்னை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். ஷூக்காரரை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து வருட ஆணையை நிறுத்தி வைத்து, மறுபடி மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கைதட்டிவிடாதே. அதுவரை ஆலை வழக்கம்போல் ஓடலாமாம். மாதிரி எடுக்கும் தேதி "பிறகு அறிவிக்கப்படும்". மழை தொடங்கி ஆறு நிறைந்த பிறகு அறிவிப்பார்கள் என்று என் மனசு சொல்கிறது. வெள்ளத்தில் எடுத்தால் எதுவும் அளவுக்குள்தான் இருக்கும்.

அதனால் நாம் காத்திருக்க வேண்டாம். தனியார் ஆய்வகம் ஒன்றில் பேசியிருக்கிறேன். பதினாறு பாட்டில், அமிலம் ஊற்றி, நானே கொண்டு வருகிறேன். இந்த முறை நானும் தண்ணீரில் இறங்குகிறேன். நீ வரச் சொன்னால்.

இத்துடன் கடிதத்தின் நகல். உன் கோப்பில் அது இல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்கை


ஏப்ரல் 12

தங்கச்சி,

நகலைக் கோப்பில் வைத்துவிட்டேன். அன்றைக்கு வேனில் பேசியவளிடமும் காட்டினேன். படித்துவிட்டு, "எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டாள். மற்ற வீடுகளில் இன்னும் கதவு திறக்கவில்லை.

தேதி அறிவிப்பு வந்தது. தேதி இப்போதைக்கு இல்லை என்பதுதான் அறிவிப்பு. "நிர்வாகக் காரணங்களால் தள்ளி வைக்கப்படுகிறது." பதில் மனு போட்டிருக்கிறேன். ஆலை ஓடுகிறது. உன் கையெழுத்து கேட்டில் இன்னும் தொங்குகிறது. வாலு நேற்று, "அது தப்புன்னா சித்தி ஏம்மா இன்னும் எடுக்கல?" என்று கேட்டாள். வந்து நீயே அவளுக்குப் பதில் சொல். என்னால் முடியாது.

கோபம் இருக்கிறது. இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ சனிக்கிழமை பஸ்ஸில் ஏறு. போனை ஆன் செய்து வைத்திருக்கிறேன். ஏறியதும் அடி, எடுக்கிறேன்.

பஸ் நிலையத்துக்கு உன் அத்தான் வருவார். பையைக் கொடு, பெட்டியைக் கொடு, எதை வேண்டுமானாலும் கொடு. பாட்டிலை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதே.

அக்கா